ஒரே வழி என்றால் ஒரே பாதை வேண்டும்

போன ஐப்பசியில் நம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு சாவுக்குப் போயிருந்தோம். இறந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஆத்தா. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர். பங்குச் சாமியார் வந்து யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தை வாசித்தார். தந்தையிடம் போய்ச் சேர வேறு வழி இல்லை, தானே வழி என்று இயேசு சொல்லும் பகுதி அது. கிறிஸ்தவர் வீட்டுச் சாவுகளில் நாம் அடிக்கடி கேட்டிருப்போம்.

ஜெபம் முடிந்ததும் தூக்கினோம். ஊர்த்தெரு வழியாகப் போனால் கல்லறைக்குப் பத்து நிமிடம். நாங்கள் போனது வாய்க்கால் வரப்பு வழியாக. முழங்கால் அளவு சேறு. அங்கே ஊராருக்கு ஒரு தூம்பா, காலனிக்கு ஒரு தூம்பா. கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு முன்பக்கம், நமக்கு வேலிக்கு அப்பால். முன்னால் சிலுவை பிடித்து வந்தவன் ஆத்தாவின் பேரன், கல்லூரி மாணவன். திரும்பி வரும்போது கேட்டான்: "ஏண்ணே, கடவுள்கிட்ட போறதுக்கு ஒரே வழிதான்னு சாமி சொல்றாரு. கல்லறைக்குப் போறதுக்கு மட்டும் எப்பிடிண்ணே ரெண்டு வழி?"

அந்தப் பையனுக்கு அன்று எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வாரம் சொல்லிப் பார்க்கிறோம்.

கிறிஸ்து ஒருவரே கடவுளை அடையும் வழி என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கைகளில் ஒன்று. யோவான் நற்செய்தியோடு, அப்போஸ்தலர் பணிகள் 4ஆம் அதிகாரத்தில் பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் பேசியதையும் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1960களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இதைச் சற்று விரித்துப் பார்த்தது. தன் தவறு இல்லாமல் கிறிஸ்துவை அறியாதவர், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடினால் அவருக்கும் மீட்பு உண்டு என்றது. பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் தள்ளிவிடுவதில்லை என்றது. ஆனாலும் மீட்பு கிறிஸ்து வழியாகவே வருகிறது என்பதை 2000ஆம் ஆண்டில் வத்திக்கான் மீண்டும் உறுதி செய்தது. இந்த நம்பிக்கை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பத்தியின் வேலை அல்ல. நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. இப்படிச் சொல்கிறவர்கள் அதற்கேற்ப நடக்கிறார்களா என்பதுதான் நம் கேள்வி.

நம் முன்னோர் இந்த 'ஒரே வழி'யை எப்படிக் கேட்டார்கள் என்பதை முதலில் பார்ப்போம். இன்றைய குமரி மாவட்டத்து மயிலாடியைச் சேர்ந்த மகராசன், சாம்பவர் குலத்தவர். கடவுளைத் தேடிச் சிதம்பரம் வரை போனார். மனம் ஆறவில்லை. தஞ்சாவூரில் கோலாப் என்ற மிஷனரியின் போதனையைக் கேட்டார். வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றுத் திரும்பினார். அவர் அழைத்ததால்தான் 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபை அங்கிருந்துதான் வேர்விட்டது. கல்வி நிலையங்களும் மருத்துவமனைகளும் பின்னால் வந்தன. இத்தனைக்கும் கதவைத் திறந்து வைத்தவர் நம்மில் ஒருவர். வெள்ளைக்காரர் வந்து நம்மை மாற்றினார் என்று கதை சொல்கிறவர்களுக்கு இந்த வரலாறு வசதிப்படாது.

அவர் காலத்துத் திருவிதாங்கூரில் நம் மக்கள் அடிமைகள். அடிமை முறை அங்கே சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான். பொதுவழியில் நடக்கத் தடை, கோயில் தெருவை எட்டிப் பார்க்கத் தடை. கடவுளிடம் போவதற்குப் பல வழி உண்டு என்று பெருமை பேசிய நாட்டில், நம்மவர் நடக்க ஒரு வழியும் திறந்திருக்கவில்லை. சிதம்பரத்துக்குப் போக ஆசைப்பட்ட நந்தனாரை நெருப்பில் இறக்கித்தானே உள்ளே விட்டதாகப் புராணம் சொல்கிறது. இப்படி வாழ்ந்தவர்களிடம் கிறிஸ்து ஒருவரே வழி என்று சொன்னபோது, அவர்களுக்கு அது அடுத்தவர் மதத்தை இழிவுசெய்யும் பேச்சாகப் படவில்லை. நடுவில் பூசாரி வேண்டாம், பிறப்புக் கணக்கு வேண்டாம், தீட்டுக் கழிக்க நெருப்பு வேண்டாம், நேரே வரலாம் என்றுதான் காதில் விழுந்தது. அந்த 'ஒரே' என்ற சொல் அவர்களுக்கு விடுதலைச் சொல்.

திருச்சபையோ அந்தச் சொல்லைக் காப்பாற்றவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பிராமணச் சந்நியாசியைப் போல் வாழ்ந்து உயர்சாதியாரிடம் வேலை செய்தார். பின்னால் மற்றச் சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் ஏற்பட்டார்கள். ஒரே நற்செய்திக்கு இரண்டு வகைச் சாமியார்கள். வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த கோயிலில் சாதிக்கொரு பக்கம் என்று நடுவே தடுப்பு வைத்தார்கள். பீடம் ஒன்று, உட்காரும் இடம் இரண்டு. வெளியிலிருந்து பார்க்கக் கால்சட்டை மாதிரி இருந்ததால் கால்சட்டைக் கோயில் என்றே பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பை எடுத்தபோது, அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள்.

சீர்திருத்தச் சபையும் சளைத்ததல்ல. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். நம்மவரோடு ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுக்க மறுத்துத் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்களுக்குக் கிறிஸ்து வேண்டும். கிறிஸ்துவின் கிண்ணத்தில் நம் வாய் படக் கூடாது.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் என்ன நடந்தது? தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று நம் மக்கள் கேட்டார்கள். சேர்த்து நடத்தாதவர்களிடம் பிரிந்துபோகவாவது விடுங்கள் என்ற கோரிக்கை. அதற்காக வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்கசாதிக் கிறிஸ்தவர் இருவர் உயிர் போனது. அந்தச் சாவும் சாதி வாங்கிய பலிதான். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைப் பிரிக்கும் சுவரைப் பற்றி எத்தனை ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்! துறையூர்ப் பக்கம் கோட்டப்பாளையம் பங்கில் பாகுபாடு இருப்பதாக நம் மக்கள் தொடர்ந்த வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. பங்குப் பேரவையில் முடியவேண்டிய காரியம் டெல்லி வரை போயிருக்கிறது.

2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தலித்துகள் ஒதுக்கப்படுவதை ஒப்புக்கொண்டு கொள்கை ஆவணம் வெளியிட்டது. ஒப்புக்கொண்டதற்கு நன்றி. அந்த ஆவணம் எங்கள் வரப்புப் பாதை வரை எப்போது வந்துசேரும் என்பதுதான் கேள்வி.

அரசாங்கத்தின் கதை இன்னொரு வகை. 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதியினர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்துவாக இருப்பவர் மட்டுமே பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, இந்துத் தொழிலாளிக்குக் கிடைத்த பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று வழக்குப் போட்டார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. மதம் மாறியதால் அவர் கையிலிருந்த ஊசியும் தோலும் மாறிவிட்டனவா?

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த 3ஆம் பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். அதன் காலக்கெடுவும் நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நம் மாநிலத்தில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார். உள்ளாட்சித் தேர்தலில் தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் பட்டியல் சாதிச் சான்றிதழைப் பொறுத்ததே.

கிறிஸ்துவை ஏற்றால் சாதி போய்விடும் என்பதை நம் ஊர் ஆதிக்கசாதிக் கிறிஸ்தவர் நம்பவில்லை. டெல்லி அரசாங்கம் மட்டும் முழுமனதோடு நம்புகிறது! அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர்கள் நாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் நம் தெருக்களில் உண்டு. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் நடைமுறையில் கிறிஸ்தவர்தான் என்று கூறிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருபக்கம் நீதிமன்றம் இப்படி. மறுபக்கம், சான்றிதழுக்காகக் கிறிஸ்துவை மறுதலிக்கிறீர்களே என்று பிரசங்க மேடையில் திட்டுகிறவர்கள். தன் பிள்ளை படிக்கவேண்டும் என்று கலங்கும் தாயைத் திட்டும் முன், அந்தத் தாய் செத்தால் ஊர்த்தெரு வழியாகத் தூக்கிப் போக விடுவோம் என்று சொல்லுங்கள். பிறகு கேட்டுக்கொள்கிறோம்.

நமக்குள்ளும் ஒன்று பேசவேண்டும். நம் காலனிகளில் ஒரே வீட்டில் அம்மா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார், அண்ணன் வேதத்துக்குப் போவார், தம்பி அம்பேத்கரைப் படித்து பௌத்தம் ஏற்றிருப்பான். இதுவரை ஒரே பானையில்தான் சாப்பிட்டோம். இப்போது சில போதகர்களின் பேச்சைக் கேட்டு, சித்தப்பா வீட்டுப் பொங்கலைத் தொடக் கூடாது, அத்தை சாவுக்கு மாலை போடக் கூடாது, அதெல்லாம் சாத்தான் காரியம் என்று சிலர் விலகி நிற்கிறார்கள். யாரையும் தள்ளிவைக்க நம் கையில் இருப்பவர்கள் நம் சொந்தங்கள் மட்டும்தான் என்பதை யோசிக்க மாட்டோமா? ஊர் நம்மைத் தாக்கவரும்போது இது வேதக்காரன் வீடு, இது மாரியம்மன் வீடு என்று பார்த்தா வருகிறது?

யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். யூதர் தீண்டாத சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கிறார். இந்த மலையா, எருசலேமா, எங்கே தொழுவது என்று அவள் கேட்கிறாள். இடத்தில் இல்லை, உள்ளத்திலும் உண்மையிலும் இருக்கிறது என்ற பொருளில் பதில் சொல்கிறார். கிணற்றடிச் சண்டையை நாம் அறிவோம். அந்தக் கிணற்றடியில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதும் நமக்குப் புரியும்.

14ஆம் அதிகாரத்து வார்த்தையும் சும்மா வரவில்லை. எங்கே போகிறீர் என்றே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று தோமா கேட்கிறார். நம் மயிலாப்பூரோடு மரபு தொடர்புபடுத்தும் அதே தோமா. அதற்குப் பதிலாகத்தான் இயேசு அப்படிச் சொன்னார். அதே இரவில், அதற்குச் சற்றுமுன், துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவியிருந்தார். வேலைக்காரன் செய்யும் வேலை அது. காலைக் கழுவிய கை ஈரம் காயும் முன் சொன்ன வார்த்தையை, அடுத்தவர் கால் படாத தெருவுக்குக் காவலாக வைத்திருக்கிறார்கள்! வழி என்பது சொல்லிக்கொள்வதற்கு அல்ல, நடப்பதற்கு. அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்கள் கட்டியவர், ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து சாப்பிடுவதை உண்மையான திருவிருந்தாகப் பார்த்தார். நம் மண்ணில் அந்த வார்த்தைக்குக் கிடைத்த நல்ல உரை அதுதான்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் எளியவை. ஆயர்களே, பேராயர்களே, ஒரு பங்கில் ஒரே தூம்பா, ஒரே கல்லறை, ஒரே பாதை என்று ஆணையிடுங்கள். நம் தெருவுக்குத் தேர் வராத ஊரில் திருவிழாக் கொடியை ஏற்றாதீர்கள். ஒன்றிய அரசே, 1950 ஆணையின் 3ஆம் பத்தியை நீக்குங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று பார்த்துச் சாதிக்காரன் அடிப்பதில்லை. நம் சொந்தங்களே, எந்த வழியில் போனாலும் அடுத்த வீட்டுச் சாவுக்குத் தோள் கொடுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் ஊரில் கல்லறைப் பாதை யார் நிலத்தில் போகிறது, பதிவேட்டில் அது பொதுப்பாதையா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதி வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அந்த ஆத்தாவின் பேரன் முதல் மனுவைப் போன வாரம் அனுப்பிவிட்டான்.