மறைக்கப்படும் கட்டணம், மறுக்கப்படும் கூலி

காட்டப்படும் விலை ஒன்று, கறக்கப்படும் தொகை வேறு. இணையவழி வணிகத்தில் இது எழுதப்படாத விதியாகிவிட்டது. கைபேசித் திரையில் தெரியும் குறைந்த விலையைப் பார்த்து ஒருவர் பொருளைத் தேர்வு செய்கிறார்; முகவரியைப் பதிவு செய்கிறார்; பணம் செலுத்தும் பக்கத்தை அடைகிறார். அங்கேதான் டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம், பிளாட்பார்ம் கட்டணம், மழைக் கட்டணம் என ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. அவ்வளவு தூரம் வந்த பிறகு பின்வாங்க மனமின்றிப் பலரும் பணத்தைச் செலுத்திவிடுகின்றனர். இந்த மனநிலையைக் கணக்கிட்டே அப்பக்கங்கள் வடிவமைக்கப்படுகின்றன.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், டெலிவரி, அஞ்சல், கையாளும் கட்டணங்களும் வரியும் உள்ளிட்ட மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதன் பிரிவுகளைத் தனித்தனியாகவும் காட்ட வேண்டும் என்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும், கேட்காத பொருளையோ சேவையையோ கூடையில் நுழைப்பதும் அப்பட்டியலில் உள்ளன.

ஆனால், அமலாக்கத்தின் கதை வேறு. 2025 ஜூன் மாதம், இத்தகைய உத்திகள் தங்கள் தளங்களில் உள்ளனவா என்று மூன்று மாதங்களுக்குள் தாங்களே தணிக்கை செய்துகொள்ளுமாறு நிறுவனங்களை ஆணையம் அறிவுறுத்தியது. அக்டோபரில், பொருள் கைக்கு வந்தபின் ரொக்கம் தர விரும்புவோரிடம் தனிக் கட்டணம் வசூலிக்கப்படுவது குறித்து ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறையே விசாரணை தொடங்க நேர்ந்தது. அடுத்த மாதமே, 26 நிறுவனங்கள் தங்கள் தளங்களில் ஏமாற்று உத்திகள் எதுவும் இல்லை என்று தாங்களே அறிவித்துக்கொண்டன. ஒன்றிய அரசு அதைப் பாராட்டி வரவேற்றது. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியாக அமர்ந்து, தன்னை நிரபராதி என்று தீர்ப்பெழுதிக்கொள்ளும் ஏற்பாடு இது.

தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் அது சட்டப்படி குற்றம். கடை வாடகை, மின்சாரம், வேலையாள் கூலி அனைத்தையும் அவர் அந்த விலைக்குள்ளேயே சமாளிக்க வேண்டும். பெருமூலதனத்தின் துணையோடு அவரது வாடிக்கையாளரைப் பறிக்கும் நிறுவனமோ, அதே பொட்டலத்தை எடுத்துப் பையில் போட்டதற்குக் ‘கையாளும் கட்டணம்’ என்று தனியே வசூலிக்கிறது. சிறுவணிகருக்கு ஒரு நீதி, ஏகபோகங்களுக்கு வேறொரு நீதி!

இவை சில்லறைத் தொகைகள்தானே என்று கருதுவது பிழை. ஜொமேட்டோ 2023 ஆகஸ்டில் 2 ரூபாயாகத் தொடங்கிய பிளாட்பார்ம் கட்டணம், 2025 செப்டம்பரில் 12 ரூபாயாகியது. இரண்டே ஆண்டுகளில் ஆறு மடங்கு. நாளொன்றுக்கு 10 லட்சம் ஆர்டர்களைக் கையாளும் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் 12 ரூபாய் பெற்றால், ஆண்டுக்கு 438 கோடி ரூபாய் குவியும். இதில் சுமை கூடுதலாக விழுவது எளியோர் மீதுதான். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம். குறைவாக வாங்கினால் அதற்கும் தனிக் கட்டணம். கையில் காசு குறைவாக இருப்பவரே விகிதப்படி அதிகம் செலுத்துகிறார்.

வெயிலிலும் மழையிலும் அந்தப் பொருளைச் சுமந்து வரும் தொழிலாளியின் நிலை என்ன? வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, விபத்து நேர்ந்தால் இழப்பும் அவருடையது. நிறுவனங்களின் பார்வையில் அவர் தொழிலாளியே அல்ல, வெறும் ‘பங்குதாரர்’. எனவே குறைந்தபட்ச ஊதியம் கிடையாது, வேலைநேர வரம்பும் கிடையாது. மக்கள் செலுத்தும் டெலிவரி கட்டணத்தில் அவருக்கு எவ்வளவு சேர்கிறது என்பதை ரசீது சொல்வதில்லை. பிளாட்பார்ம் கட்டணமோ நேராக நிறுவனத்தின் கணக்குக்கே போகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், நிறுவனங்கள் தம் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை நல நிதிக்கு அளிக்கச் சொல்கிறது. ஆனால், தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டத் தேவையில்லை என்று உச்சவரம்பும் கட்டுகிறது. ஊதியப் பாதுகாப்பு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்நிலையில்தான் உரிய ஊதியமும் பாதுகாப்பும் கோரி 2025 டிசம்பர் 31 அன்று டெலிவரி தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

நுகர்வோரிடம் பறிப்பதும் தொழிலாளியிடம் சுரண்டுவதும் ஒரே கைதான். கட்டணம் உயரும்போது நுகர்வோரின் கோபம் வாசலில் நிற்கும் தொழிலாளியின் மீது திரும்புமானால், அது நிறுவனங்களுக்கே வசதியாகிவிடும். அந்தக் கோபம் உரிய திசையில் செல்ல வேண்டும்.

முதல் திரையிலேயே முழுத் தொகையும் காட்டப்படுவதை ஒன்றிய அரசு உறுதிப்படுத்த வேண்டும். சுயதணிக்கை நாடகத்தைக் கைவிட்டு, நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவைக் கொண்டு சுயேச்சையான தணிக்கை நடத்தி அறிக்கைகளை வெளியிட வேண்டும். விதிமீறி வசூலித்த தொகை நுகர்வோருக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். ஒவ்வொரு ரசீதிலும் தொழிலாளியின் பங்கு குறிப்பிடப்பட வேண்டும். அவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் வழங்கப்பட வேண்டும்; அந்தச் செலவை இன்னொரு கட்டணமாக மக்கள் தலையில் கட்டவும் அனுமதிக்கக் கூடாது. நுகர்வோரும் தொழிலாளர்களும் சிறுவணிகர்களும் ஒன்றாக நின்று எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை. அந்த ஒற்றுமையைக் கட்டும் பணியில் முன்நிற்பது இடதுசாரி இயக்கத்தின் கடமையாகும்.