அந்த ஒரு மணி நேரம்

விஜயதசமி நாளில் தாத்தாவின் மடியில் அமர்ந்து, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுதும் குழந்தையை நம் இல்லங்களில் இன்றும் காணலாம். அந்தப் பிஞ்சு விரலைப் பிடித்து எழுதுவிப்பது வீட்டுப் பெரியவரின் கை. அதன்பின் குழந்தை பள்ளிக்குச் செல்லும். கற்பிக்கும் பொறுப்பு ஆசிரியரைச் சேரும். இதுவே வழக்கம்.

அண்மைக் காலத்தில் சில இளம் பெற்றோர் அப்பொறுப்பை எவரிடமும் ஒப்படைக்காமல் தாமே ஏற்க முடிவு செய்கின்றனர். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுத இயலும் என்பது அவர்களுக்குத் துணிவு தருகிறது. ஆயினும் மகனோ மருமகளோ இச்செய்தியைக் கூறும்போது பெரியவர்களின் மனம் கலங்குவது இயல்பே. பேரக்குழந்தையின் எதிர்காலம் என்னாகும் என்னும் கவலை அது.

நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இம்முடிவை எடுத்த ஒரு தந்தை, அதன் நன்மையையும் குறையையும் மறைக்காமல் தமது சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். அவர் மகாத்மா காந்தி.

1897ஆம் ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் குடும்பத்துடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். உடன் வந்த பிள்ளைகள் மூவர். ஒன்பது வயது ஹரிலாலும் ஐந்து வயது மணிலாலும் அவருடைய மைந்தர்கள். பத்து வயதுச் சிறுவன் அவருடைய சகோதரியின் மகன். இவர்களை எங்கே படிக்க வைப்பது என்னும் கேள்வி உடனே எழுந்தது.

வெள்ளையர் பள்ளியில் இடம் கிடைத்திருக்கும். ஆனால் அது தனிச் சலுகையாகவே கிடைத்திருக்கும். மற்ற இந்தியக் குழந்தைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. ஊரார் பிள்ளைகளுக்கு மூடிய கதவு தம் பிள்ளைகளுக்கு மட்டும் திறப்பதை அவர் விரும்பவில்லை. இந்தியர்களுக்கென இருந்த மிஷன் பள்ளிகளில் தாய்மொழியாகிய குஜராத்தியில் பயில வழியில்லை. சிறு குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தாயகத்துக்கு அனுப்பவும் அவர் மனம் ஒப்பவில்லை. ஆகவே வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவு செய்தார். மாதம் 7 பவுன் ஊதியத்தில் ஓர் ஆங்கிலேய ஆசிரியை அமர்த்தப்பட்டார். மற்றதைத் தந்தையே ஏற்றார்.

முடிவு உயர்ந்த நோக்கம் உடையதுதான். ஆனால் வழக்கறிஞர் தொழிலும் பொதுப்பணியும் அவருடைய நாள் முழுவதையும் விழுங்கின. தாம் கற்பித்தது ஒழுங்காக நடைபெறவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பின்னர் ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்தபோது, வீட்டிலிருந்து அலுவலகம் சென்று திரும்ப நாள்தோறும் சுமார் 5 மைல் நடை. பிள்ளைகளும் உடன் நடப்பார்கள். வழிநெடுக உரையாடியே பாடம் நடத்தினார். நாள்தோறும் ஒரு மணி நேரத்தையேனும் தவறாமல் அவர்களுடைய எழுத்துக் கல்விக்கு ஒதுக்கியிருந்தால் அக்கல்வி குறைவற்றதாக இருந்திருக்கும் என்பது, பிற்காலத்தில் அவரே திரும்பிப் பார்த்து எழுதிய கருத்து.

ஒரே ஒரு மணி நேரம்! பெரும் போராட்டங்களை வழிநடத்தியவரால் அதனைத் தம் வீட்டுக்குத் தர இயலவில்லை.

1910ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், நண்பர் காலன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. சத்தியாக்கிரகிகளின் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு சிறிய பள்ளி உருவாயிற்று. ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் மாணவரைச் செய்யச் சொல்லலாகாது என்பது அங்கே விதி. குழி தோண்டுதல், மரம் வெட்டுதல், சமையல், துப்புரவு என அனைத்திலும் பெரியவர்களும் சேர்ந்தே உழைத்தனர்.

அங்கிருந்த தமிழ்ச் சிறுவர்கள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள்; தமிழ் எழுத்தை அறியாதவர்கள். அவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பைக் காந்தியடிகளே ஏற்றார். கப்பல் பயணத்திலும் சிறையிலும் ஜி. யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டைக் கொண்டு பயின்றதுதான் அவருடைய தமிழறிவு. எழுத்தையும் எளிய இலக்கணத்தையும் அவர் சொல்லித் தருவார். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் அவரைக் காண வந்தால், அம்மாணவர்களே மொழிபெயர்ப்பாளர்கள் ஆவார்கள்! தமது அறியாமையை மாணவர்களிடம் அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. அதனால் அவர்களுடைய மதிப்பும் குறையவில்லை. ஒருவருடைய ஆன்மாவைப் பண்படுத்துவது நூல்களைக் காட்டிலும் ஆசிரியரின் வாழ்க்கையே என்பதை அவர் அப்பண்ணையில்தான் உணர்ந்தார்.

இனி மறுபக்கத்தையும் காண வேண்டும். மூத்த மகன் ஹரிலால் போராட்டத்தில் தந்தைக்குத் தோள் கொடுத்தவர். பலமுறை சிறை சென்றவர். ‘சின்ன காந்தி’ என்று மக்கள் அன்புடன் அழைத்த இளைஞர். ஆயினும், இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற தந்தை தமக்கு முறையான கல்வியை அளிக்கவில்லை என்னும் குறை அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. மணமாகிக் குழந்தைகளுக்கும் தந்தையான பின்னர், 1911ஆம் ஆண்டில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, அகமதாபாத் வந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பிற்காலத்தில் அவருடைய வாழ்வு தடம் புரண்டது. தந்தை மறைந்த அதே 1948ஆம் ஆண்டில் மகனும் மறைந்தார்.

அதே இல்லத்தில் வளர்ந்த மணிலால், தந்தை விட்டுச் சென்ற ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழைத் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டுகள் நடத்தினார். இளையவர் தேவதாஸ் 1918ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து இந்தி கற்பித்தார். ராஜாஜியின் மகளை மணந்தார். பின்னாளில் பெயர் பெற்ற பத்திரிகையாசிரியர் ஆனார். ஆகவே, ஹரிலாலின் துயரம் முழுவதற்கும் வீட்டுக் கல்வியே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. பள்ளிக்கு அனுப்பாததால் தம் பிள்ளைகள் சுயமரியாதையைக் கற்றனர் என்ற நம்பிக்கையைத் தந்தையும் இறுதிவரை விடவில்லை. ஆனால் ஒரு மகன் கேட்டான். கேட்டது உரிய காலத்தில் கிடைக்கவில்லை. அந்த உண்மையை எந்த உயர்ந்த நோக்கத்தாலும் மறைத்துவிட இயலாது.

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசைப்படுத்தினர் நம் முன்னோர். பிதாவே குருவின் ஆசனத்திலும் அமரும்போது அவருடைய கடமை இரட்டிப்பாகிறது. பள்ளி ஆசிரியர் ஒருவர் விடுப்பில் சென்றால் மற்றொருவர் வருவார். வீட்டில் அந்த ஆசனம் வெறுமையாகவே இருக்கும்.

எனவே, பிள்ளைகளை வீட்டிலேயே பயிற்றுவிக்கப் போவதாக மக்கள் கூறும்போது, பெரியவர்கள் கோபம் கொள்ள வேண்டியதில்லை. இரண்டு கேள்விகளை மட்டும் அன்புடன் கேட்கலாம். நாள்தோறும் தவறாமல் அதற்குரிய நேரத்தை உங்களால் தர முடியுமா? குழந்தை வளர்ந்து, ‘எனக்குப் பள்ளிக்குச் செல்ல விருப்பம்’ என்று சொன்னால், அதனைச் செவிமடுப்பீர்களா? இரண்டுக்கும் ஆம் என்ற விடை வருமானால், ஆசி கூறி உடன் நிற்கலாம்.

உடன் நிற்பது என்பது வெறும் சொல்லன்று. ஓய்வு பெற்ற தாத்தாவிடம் கணக்கு இருக்கிறது; பாட்டியிடம் புராணக் கதைகளும் தோத்திரங்களும் இருக்கின்றன. இருவரிடமும் நேரம் இருக்கிறது. மாலை விளக்கேற்றியபின் பேரக்குழந்தைக்கென ஒரு மணி நேரத்தை ஒதுக்கினால், அக்குழந்தை பள்ளிக்குச் சென்றாலும் சரி, வீட்டிலேயே பயின்றாலும் சரி, அது வீண்போகாது. அன்று அரிசியில் எழுதுவித்த விரலுக்கு இன்னும் வேலை இருக்கிறது.