இடிபாட்டின் ரசிகர்கள்

மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. நான் அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் அங்கே பழைய புத்தகக் கடைகள் எப்படி இருந்தன, என்னென்ன கிடைத்தன என்று எனக்கு மனப்பாடம். அத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், எரிந்த பிறகு.

நம் இலக்கியவாதியின் பிரக்ஞை இப்படித்தான் வேலை செய்கிறது. கட்டிடம் நிற்கும்வரை அவன் கண்ணில் படாது. விழுந்த மறுநாள் கவிதை பிறந்துவிடும். இது ஞாபகம் அல்ல; சாவு வீட்டில் பந்தி தேடுகிற ரசனை.

மவுண்ட் ரோடில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை 2006இல் அதன் உடைமையாளரான ஆயுள் காப்பீட்டுக் கழகம் இடிக்கத் தொடங்கியது. நீதிமன்றத்துக்குப் போனது இன்டாக் அமைப்பு, எழுத்தாளர்கள் அல்ல. 2010இல் உயர்நீதிமன்றம் இடிக்கக் கூடாதென்றது. அங்கே கைகொடுத்த நானூற்றுச் சொச்சம் கட்டிடங்களின் பட்டியலும் விளம்பரப் பலகை விவகாரத்துக்காக அமைந்த நீதிபதி பத்மநாபன் கமிட்டி தந்தது. இந்த நகரம் தன் முகத்தைத் தெரிந்துகொள்ள விளம்பரத் தட்டிதான் காரணமாக வேண்டியிருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு? கடப்பாரை நின்றது, செப்பனிடும் கை வரவில்லை. பாதி இடிந்த சுவர்களில் வருஷக்கணக்கில் மரம் முளைத்தது. தடையாணை மழையைக் கட்டுப்படுத்தாது.

வெள்ளைக்காரன் கட்டிடத்துக்கு நாம் ஏன் அழவேண்டும் என்கிறார் முற்போக்கு நண்பர். அழச் சொல்லவில்லை. செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு பூசி மெட்ராஸ் டெரஸ் போட்டவன் நம் கொத்தன். அன்னி பெசன்ட் ஆர்மீனியன் தெருவில் எழுப்பிய கோகலே ஹாலில் பேசப்பட்டது சுயாட்சி. அதையும் பாதி இடித்தாயிற்று. அதற்கும் கோர்ட்டுதான் குறுக்கே வந்தது.

இந்த நகரத்துக் கட்டிடங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர் எஸ். முத்தையா, எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் கட்டிடம் என்றால் கோபுரம், அதைத் தாண்டினால் ஏக்கம். நாம் ஆளுக்கொரு கட்டிடத்தை எடுத்துக்கொண்டு, யார் கட்டியது, யாருக்குச் சொந்தம், எங்கே ஒழுகுகிறது என்று சாதாரண உரைநடையில் எழுதலாம். படிமம் வேண்டாம். விழுவதற்கு முன் எழுதினால் போதும்.

நான் வங்கி குமாஸ்தா. பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போய்விடும். ஆனால் உரியவர் எப்போது வந்து கேட்டாலும் திருப்பித் தருவோம். கட்டிடத்துக்கு அந்த விதி கிடையாது.