வேலையின்மையால் இளம் பட்டதாரிகளின் உளநலத்துக்கு ஏற்படும் பாதிப்பு தொடர்பான கோரிக்கை மனு

மாவட்டச் செயலாளர், அம்பாறை
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், கல்முனை
பிரதேச செயலாளர், அக்கரைப்பற்று
ஆகியோருக்கு,

அக்கரைப்பற்றைச் சேர்ந்த வேலையற்ற பட்டதாரிகளின் சங்கம் பணிவுடன் சமர்ப்பிப்பதாவது:

க.பொ.த. உயர்தரமும் அதற்கு மேலும் கற்றோரிடையே வேலையின்மை வீதம் கூடுதலாக இருப்பதையும், பெண்களிடையே அது ஆண்களைவிட உயர்ந்திருப்பதையும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீடுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு, ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையோரத்தின் வயலையும் கடலையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு உயர்கல்வியை அருகில் கொண்டுவந்தது. ஆனால், பட்டத்துக்கேற்ற தொழில்கள் அதே அளவில் இங்கு உருவாகவில்லை.

வேலையின்மையால் இழக்கப்படுவது வருமானம் மட்டுமன்று. ஒஸ்திரியாவின் மரியன்தால் என்னும் ஊரில் நெசவாலை மூடப்பட்ட பின் மாரீ யஹோடாவும் சக ஆய்வாளர்களும் நடத்தி 1933இல் வெளியிட்ட ஆய்வு, ஓய்வு நேரம் பெருகியிருந்தும் நூலகத்தில் நூல் இரவல் பெறுவது குறைந்ததையும், ஆண்களின் நடைகூடத் தளர்ந்ததையும் பதிவுசெய்தது. நாளுக்கோர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியேயான உறவு, பொது நோக்கம், சமூக மதிப்பு, முறையான செயற்பாடு ஆகியவற்றைத் தொழிலே தருகிறது என யஹோடா பின்னர் விளக்கினார். ஆகவே, வேலையற்றவர் ஒதுங்கியிருப்பதைச் சோம்பல் எனக் கருதுவது விளைவையே காரணமாகக் கொள்ளும் பிழையாகும்.

இங்கு அப்பாதிப்பைக் கூட்டுவது முடிவுத் திகதி தெரியாத காத்திருப்பு. அடுத்த அரச ஆட்சேர்ப்பு எப்போது என்பது தெரியாமல், வயதெல்லை நெருங்குவது மட்டும் தெரிந்த ஒருவரால், வெளிநாடு செல்வதா, வேறு தொழில் பழகுவதா, திருமணத்துக்கு உடன்படுவதா என எதையும் தீர்மானிக்க இயலுவதில்லை. வேலை கிடைத்ததா என்ற விசாரிப்புக்கு அஞ்சிக் கல்யாண வீட்டுக்குப் போவதையும் அவர் தவிர்க்கிறார். பெண் பட்டதாரிகளோ வீட்டு வேலைகளில் மூழ்கியிருப்பதால், நீடித்த துயரம், உறக்கக் குலைவு, எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றால் அறியப்படும் மனச்சோர்வு நோய் அவர்களிடம் தோன்றினாலும், அதை வேலையின்மையோடு எவரும் தொடர்புபடுத்துவதில்லை.

எனவே, அரச பதவி வெற்றிடங்களையும் ஆட்சேர்ப்புக் கால அட்டவணையையும் ஆண்டுதோறும் தமிழிலும் வெளியிடவும், ஆட்சேர்ப்புத் தாமதத்தால் வயதெல்லையைக் கடந்தோருக்குச் சலுகை வழங்கவும் மத்திய, மாகாண அரசுகளுக்கு மாவட்டச் செயலாளர் பரிந்துரைக்க வேண்டும் என்பதே சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்வதை ஊரார் பேச்சுக்கு அஞ்சிக் குடும்பங்களே தடுக்கும் சூழலில், பெண் ஒருவர் உட்படத் தமிழ் பேசும் உளவளத்துணையாளர்களின் சேவை, இரகசியம் காக்கப்படும் வகையில் பிரதேச செயலகத்திலேயே கிடைக்கச் செய்யப்பட வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் உதவி இலக்கம் பள்ளிவாசல்கள், கோவில்கள், பாடசாலைகளின் அறிவித்தல் பலகைகளில் இடம்பெறுவதும் அவசியம்.

இக்கோரிக்கைகள் ஒவ்வொன்றின் மீதும் எடுக்கப்படும் தீர்மானத்தை, அது நடைமுறைக்கு வரும் திகதியுடன் எழுத்துமூலம் அறியத்தருமாறு சங்கம் வேண்டிக்கொள்கிறது.