ஆலய வெப்சைட்டின் சாவி யார் கையில்?



போன வாரக் கூட்டத்தில் நம்ம ஆலயத்துக்கு வெப்சைட் வேணுமா வேணாமான்னு பேச்சு வந்தது. நேரமாயிட்டதால முடிவு எடுக்காமலே கலைஞ்சிட்டோம். அங்கே முழுசா சொல்ல முடியாததை இங்கே எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

"ஃபேஸ்புக் இருக்கு, வாட்சப் குரூப் இருக்கு, அப்புறம் எதுக்கு வெப்சைட்?" என்று பெரியவர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா மாசத்துக்கு ரெண்டு பிரதோஷம், ரெண்டு தடவையும் குரூப்பில் "அபிஷேகம் எத்தனை மணிக்கு?"ன்னு இருபது பேர் கேட்கிறாங்க. செயலாளர் அம்மா இருபது பேருக்கும் பதில் எழுதுறாங்க. ஃபேஸ்புக்கில் போட்ட அறிவிப்பு நாலு நாளில் கீழே போயிடுது. போன கும்பாபிஷேகப் படங்களைத் தேடினா, யாரோ ஒருத்தரோட சொந்தப் பக்கத்தில்தான் கிடைக்குது. அவர் அந்தக் கணக்கை மூடிட்டா நம்ம ஆலயத்தோட வரலாறும் அதோட போயிடும். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு உபயக்காரர்கள் விவரம் தேடுறப்போ யார்கிட்ட போய் நிற்கிறது?

இன்னொரு தம்பி ஒரு கம்பெனியில் விலை கேட்டுட்டு வந்தார். ஆயிரக்கணக்கில் வெள்ளி, அதுக்கு மேல வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம். அன்னதானத்துக்கு அரிசி வாங்கவே உபயம் தேடுற ஆலயத்துக்கு இது தேவையில்லைன்னு நான் நினைக்கிறேன்.

வேர்ட்பிரஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கு. 2003ல் வெளிவந்தது, இலவசம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதை வைக்க ஒரு இடம் வேணும். அதுக்கு 'ஷேர்ட் ஹோஸ்டிங்' போதும். ஒரே கம்ப்யூட்டரில் நிறைய வெப்சைட் வாடகைக்கு இருக்கும், நம்ம ஃபிளாட் வீடு மாதிரி. தண்ணித் தொட்டி எல்லாருக்கும் ஒண்ணுதான். பக்கத்து வீட்டுக்காரர் நிறைய திறந்துவிட்டா நம்ம குழாயில் மெதுவா வரும். பூசை நேரம், திருவிழா நிகழ்ச்சி நிரல், படங்கள் போடுறதுக்கு அது தாராளம். தைப்பூசத்தன்னைக்கு நேரடி ஒளிபரப்பை மட்டும் அதில் ஏத்தாதீங்க, தாங்காது. அதை யூடியூப்பில் விட்டு, வெப்சைட்டில் இணைப்பு கொடுத்தா போதும்.

அதை நிறுவுற வேலை பத்துமலை 272 படி ஏறுறதைவிட சுலபம். பல ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற பக்கத்துக்குள்ள போய் ஒரு பட்டனைத் தட்டினா தானா நிறுவிக்கும். கையால செய்றதுன்னாலும், ஒரு டேட்டாபேஸ் உருவாக்கணும், அதுக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கணும், வேர்ட்பிரஸ் ஃபைல்களை ஏத்தணும், அந்த டேட்டாபேஸ் விவரத்தை எழுதிக் கொடுக்கணும், அவ்வளவுதான். நம்ம இளைஞர் பகுதியில் கல்லூரி படிக்கிற பிள்ளைங்க ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடிச்சிடுவாங்க.

எனக்குக் கவலை அதுக்கு அப்புறம்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆலயத்தில், பெயர் வேண்டாம், ஆர்வமான தொண்டர் ஒருத்தர் அருமையா வெப்சைட் செஞ்சு கொடுத்தார். முகவரியைத் தன் பெயரில், தன் சொந்த இமெயிலில் பதிஞ்சிருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவசரத்துக்குச் செய்தது. மூணு வருஷம் கழிச்சு வேலைக்காக வெளிநாடு போயிட்டார். முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த இமெயில் எல்லாம் அவர் பார்க்காத பெட்டியில் கிடந்தது. கெடு முடிஞ்சு வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கிட்டாங்க. அம்மன் படம் இருந்த முகவரியில் இப்போ சூதாட்ட விளம்பரம். பழைய பத்திரிகைகளில் எல்லாம் அந்த முகவரி அச்சாகி இருக்கு. என்ன செய்ய முடியும்?

பலரும் ஒரே சாவின்னு நினைக்கிறாங்க. உண்மையில் மூணு சாவி. முகவரிக்கு ஒண்ணு, ஹோஸ்டிங்குக்கு ஒண்ணு, வேர்ட்பிரஸ் உள்ளே நுழைய ஒண்ணு. இந்த மூணில் முகவரிதான் பெரிய சாவி. ஹோஸ்டிங் போனா வேறு இடத்துக்கு மாறிக்கலாம். முகவரி போனா போனதுதான். அதனால .ஓஆர்ஜி.எம்ஒய் முகவரியே எடுப்போம். அது பதிவு பெற்ற அமைப்புகளுக்கு உள்ளது. நம்ம சங்கப் பதிவுப் பத்திரத்தைக் காட்டி ஆலயத்தின் பெயரிலேயே வாங்கலாம். இமெயிலும் ஆலயத்தின் பெயரில் புதுசா ஒண்ணு திறக்கணும்.

உண்டியலை யாராவது தனியா திறக்க விடுறோமா? தலைவர், பொருளாளர் ரெண்டு பேரும் பக்கத்தில் நிற்கணும். இதுவும் அப்படித்தான். மூணு பாஸ்வேர்டையும் எழுதி உறையில் போட்டு ஒட்டி ஆலயப் பெட்டகத்தில் வைக்கணும். ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகம் மாறினா அன்னைக்கே பாஸ்வேர்டும் மாறணும். இதைச் சொன்னா சிலர் "எங்க மேல சந்தேகமா?"ன்னு கேட்கிறாங்க. நான் வேலை செய்ற ஃபேக்டரியில் ஷிப்ட் மாறும்போது லாக் புக்கில் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் மெஷினை ஒப்படைக்கிறோம். அடுத்த ஷிப்ட்டுக்காரர் மேல சந்தேகப்பட்டா அப்படிச் செய்றோம்?

அன்றாடம் அறிவிப்பு போடுறவங்களுக்கு அட்மின் சாவி தேவையில்லை. வேர்ட்பிரஸில் 'எடிட்டர்', 'ஆத்தர்' என்று தனித்தனி படிநிலை இருக்கு. எழுதலாம், படம் போடலாம், மற்றதைத் தொட முடியாது. அட்மின் ரெண்டு பேர் போதும்.

ஏன் இவ்வளவு கண்டிப்புன்னா, காணிக்கை செலுத்த டுயிட்நவ் கியூஆர் படத்தை வெப்சைட்டில் போடணும்னு கேட்டிருக்கீங்க. உள்ளே புகுந்தவன் அந்த ஒரு படத்தை மட்டும் மாத்திட்டா? பார்க்கிறதுக்கு எல்லாம் ஒரே மாதிரி கறுப்புப் புள்ளிதான். பக்தர் அம்மனுக்குக் கொடுத்த பணம் எவனோ ஒருத்தன் கணக்குக்குப் போகும், நமக்கு மாசக் கடைசியில்தான் தெரியும். அதனால கியூஆர் பக்கத்திலேயே "ஹேண்ட்போனில் ஆலயத்தின் முழுப் பெயர் வருதான்னு பார்த்து அனுப்பவும்" என்று பெரிய எழுத்தில் போடணும். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் வாங்கலாம். ஐசி நம்பர் வாங்கவே கூடாது.

இலவசமா கிடைக்குதுன்னு திருட்டு டிசைன் எதையும் ஏத்தக் கூடாது. அதுக்குள்ளேயே பின்வாசல் வைச்சுத்தான் பரப்புறாங்க. அப்டேட் வந்தா தள்ளிப் போடக் கூடாது. மாசா மாசம் அமாவாசைக்கு முழு வெப்சைட்டையும் டேட்டாபேஸோட சேர்த்து நகல் எடுத்து, ஆலய ஹார்ட்டிஸ்க்கில் வைக்கணும். அதே ஹோஸ்டிங்கில் நகல் வைச்சா வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ள வைச்சுப் பூட்டின கதைதான்.

சின்ன விஷயம் ஒண்ணு. தமிழில் தலைப்பு வைச்சா அந்த இணைப்பும் தமிழிலேயே உருவாகும். வாட்சப்பில் அனுப்பினா சதவீதக் குறியும் எண்ணுமா அரைப் பக்கத்துக்கு நீளும், இருபது எழுத்தைத் தாண்டினா பாதியில் வெட்டிடும். தலைப்பைத் தமிழிலேயே வைங்க, இணைப்பை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமா மாத்திடுங்க. பெரியவங்க பயந்து "இது வைரஸா?"ன்னு கேட்க மாட்டாங்க.

வர்ற ஞாயிறு மாலை பூசைக்கப்புறம் மறுபடி கூட்டம். முகவரி ஆலயப் பெயரில் இருக்கணும், சாவி நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கணும் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டு வர்றேன். வழிமொழிய ஒருத்தர் வேணும். இளைஞர் பகுதிப் பிள்ளைங்க லேப்டாப்போட வாங்க.