ஒவ்வாத இழைகளுக்கு ஒரு முடிச்சு

மீன் பெரிது, நூல் புதிது, முள்ளும் கூரியது. ஆயினும் மீன் போய்விட்டது! இவ்வாறு மனம் நொந்து பேசும் இளைஞர் பலரை எமது கடலோர ஊர்களிற் காண்கின்றோம். நூல் விற்ற கடைக்காரரை அவர்கள் குறை கூறுவதுமுண்டு. ஆனால் அறுந்ததென்று அவர்கள் காட்டும் நூலின் நுனியை உற்று நோக்கினால், பெரும்பாலும் அது அறுந்த நூலாக இருப்பதில்லை. முடிச்சிலிருந்து கழன்ற நூலாகவே இருக்கும். பின்னல் நூலையும் தங்கூசியையும் தொடுக்கும் அந்த ஒரு முடிச்சைப் பற்றியே இவ்வாரம் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

தங்கூசி என நம்மவர் வழங்குவது ஒற்றையிழை நைலோன். 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூபொன்ற் நிறுவன ஆய்வுசாலையில், வலஸ் கறோதேர்ஸ் என்னும் இரசாயன அறிஞரின் முயற்சியால் நைலோன் உருவாயிற்று. பின்னல் நூலோ பொலிஎதிலீன் என்னும் பொருளினால் ஆயது. கடையிற் சாமான் கட்டித் தரும் பையும் அவ்வினத்ததே. எனினும், தூண்டில் நூலில் அதன் மூலக்கூறுகள் மிக நெடியவை. அவையாவும் ஒரே திசையில் நீட்டி நிறுத்தப்பட்டவை. பையில் இல்லாத வன்மை நூலில் வந்தது இதனாலேயாம். அவ்வாறு நீட்டி நூற்கும் வழியை 1970களின் பிற்பகுதியில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் கண்டனர். 1990களிலே இந்நூல் தூண்டிற்காரரின் கைகளுக்கு எட்டியது.

இரண்டின் இயல்பும் வேறு. தங்கூசி நீளும், மீன் திடீரெனப் பாயும்போது அதிர்ச்சியைத் தாங்கி விட்டுக்கொடுக்கும். பாறையிலும் முருகைக்கல்லிலும் உராய்ந்தாலும் விரைவில் அற்றுப்போகாது. ஒளி ஊடுருவுவதாதலின் மீனின் கண்ணுக்கும் எளிதிற் புலப்படாது. பின்னல் நூலோ நீளுவது அரிது. மீன் மெல்லத் தீண்டினும் அச்செய்தியை உடனே கைக்கு உணர்த்திவிடும். மெலிந்திருந்தும் மிகுந்த பாரம் தாங்கும். 30 இறாத்தல் தாங்கும் தங்கூசி ஏறக்குறைய 0.55 மில்லிமீற்றர் தடித்திருக்க, அதே பாரம் தாங்கும் பின்னல் நூல் அதன் பாதியளவே தடித்திருக்கும். ஆனால் கல்லிலோ, கொடுவா மீனின் கூரிய செவுள் மூடியிலோ பட்டால் அது நொடியில் அறுபடும். ஆகவே றீலில் நெடுந்தூரம் பின்னல் நூலையும், முள்ளுக்கு அண்மையில் ஒரு பாகம் அல்லது இரு பாகம் தங்கூசியையும் கொள்ளுதல் அறிவுடையோர் வழக்கமாயிற்று. இரண்டின் நலன்களும் ஒருங்கே கிடைப்பது உண்மையே. ஆனால் அந்நலன்கள் யாவும் நடுவிலுள்ள ஒரு முடிச்சின் தயவிலேயே நிற்கின்றன.

முடிச்சு எவ்வாறு பிடிக்கின்றது? இறுக்கத்தினால் என்போம். அது பாதி உண்மை. துறைமுகத்திலே கப்பலின் பெருங்கயிற்றைத் தூணிற் சில சுற்றுச் சுற்றி, மறுநுனியை ஒருவர் தம் கையாற் பற்றி நிற்றல் கூடும். கப்பலின் இழுப்பைத் தாங்குவது அவருடைய கைவலிமையன்று, சுற்றுகளின் உராய்வே. கணித மேதை ஒயிலர் இதற்கொரு விதி வகுத்தார். சுற்றுகள் கூடக்கூடப் பிடிப்புக் கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளரும் என்பது அதன் சாரம். உராய்வுக் குணகம் 0.3 எனக் கொண்டால், 5 சுற்றுகள் பிடிப்பை 12,000 மடங்குக்கு மேற் பெருக்கும். குணகம் 0.1 ஆயின், அதே 5 சுற்றுகள் 23 மடங்கே பெருக்கும். 10 சுற்றுகளாக்கினால் 500 மடங்கைக் கடக்கும். பொலிஎதிலீன் மிகவும் வழுக்கும் பொருள். தங்கூசிக்குப் போதுமான சுற்றுகள் பின்னல் நூலுக்குப் போதாமை இதனால் விளங்கும். முடிச்சுக் கழன்ற இளைஞர் தம் கையை நோவதில் பயனில்லை. சுற்றுகளை எண்ணிப் பார்த்தலே தக்கது.

ஒவ்வாதவற்றை ஒட்டவைக்கும் கலை தமிழ் மாணாக்கருக்குப் புதிதன்று. யாப்பு என்னும் சொல்லுக்கே கட்டு என்பதுதான் பொருள். மாச்சீரின்பின் நேரசை வந்தால் ஒரு தளை. நிரையசை வந்தால் வேறொரு தளை. இணைவனவற்றின் இயல்பை அறியாது எல்லாவற்றையும் ஒரே வகையாற் கட்டுவோமாயின் வெண்பாவும் தளை தட்டும், தூண்டிலும் அவ்வாறே.

இனி, பயன்படும் முடிச்சுகள் மூன்றினைக் கூறுவாம்.

முதலாவது, இரட்டை யூனி முடிச்சு. பழகுவதற்கு இதுவே எளிது. இரு நூல்களின் நுனிகளையும் எதிரெதிராக வைத்து, ஒரு சாண் அளவுக்கு ஒன்றோடொன்று படியப் பிடிக்க வேண்டும். பின்னல் நூலின் நுனியை மடித்து ஒரு கண்ணியாக்கி, அந்நுனியை இரு நூல்களையும் சூழ்ந்து கண்ணியினூடாக 8 முறை சுற்றி இழுக்க வேண்டும். தங்கூசியின் நுனியாலும் மறுபுறத்தில் அவ்வாறே செய்க. அதற்கு 4 அல்லது 5 சுற்றுகள் அமையும். பின்னர் நெடுநூல்களை இருபுறமும் இழுத்தால், முடிச்சுகளிரண்டும் ஊர்ந்துவந்து ஒன்றையொன்று முட்டி நிற்கும்.

இரண்டாவது, அல்பேற்றோ முடிச்சு. புளோறிடாவில் மீன்பிடி வழிகாட்டியாக விளங்கிய ஜிம்மி அல்பிரைற் என்பவரின் பெயரால் வழங்கும் முடிச்சினைச் சிறிது திருத்தியது இது. தங்கூசியை மடித்து நீண்ட கண்ணியொன்று ஆக்குக. பின்னல் நூலை அதனுள் நுழைத்து, கண்ணியின் இரு கால்களையும் சேர்த்து, வளைவிலிருந்து அப்பாற் செல்லுமாறு 7 சுற்றுகள் சுற்றுக. பின்பு அவற்றின் மேலாகவே வளைவை நோக்கி மீண்டும் 7 சுற்றுகள் சுற்றி, புகுந்த பக்கத்தாலேயே நுனியை வெளியே எடுக்க. இங்கே தடித்த இழை அசையாது நிற்க, மெல்லிய இழையே சுற்றுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

மூன்றாவது, எவ்.ஜீ. முடிச்சு. இதில் தங்கூசி மடிக்கப்படுவதேயில்லை. விறைப்பாகப் பிடித்த பின்னல் நூலின் மேலும் கீழுமாகத் தங்கூசியின் நுனியை மாறி மாறிச் செலுத்தினால், மெல்லிய நூல் தங்கூசியின்மேற் குறுக்குமறுக்காகப் படியும். 20 முறை அளவில் இவ்வாறு பின்னி, இரு நூல்களையும் சேர்த்துச் சில அரைமுடிச்சுகளிட்டு, தங்கூசியின் மிச்சத்தை நறுக்கியபின், பின்னல் நூலின்மேல் மட்டும் இன்னுஞ் சில அரைமுடிச்சுகள் இடுதல் வேண்டும். இழுக்க இழுக்கப் பின்னல் ஒடுங்கித் தங்கூசியை மேலும் இறுகப் பற்றும். திரட்சி குறைவாதலின் தூண்டிற்கோலின் வளையங்களில் தடையின்றி ஓடும். எனினும், இது பொறுமையுள்ளோர்க்கே கைவரும். ஆடும் வள்ளத்தில் நின்று முயல்வோர்க்கு முன்னைய இரண்டுமே துணை.

எம்முடிச்சாயினும் இறுக்குமுன் எச்சிலாலோ நீராலோ நனைத்தல் வேண்டும். உலர்ந்த நூலை வெடுக்கென இழுத்தால் உராய்வினாற் சூடேறித் தங்கூசி நலிவுறும். சுற்றுகள் ஒன்றன்மேலொன்று ஏறாது ஒழுங்காகப் படிய, மெல்ல மெல்ல இறுக்குக. பின்னர் கடலில் இடுமுன் பலமாக இழுத்துச் சோதிக்க. மீன் சோதிப்பதற்கு முன் நாம் சோதிப்பது நன்று. கழன்றால் நுனியைப் பாருங்கள். தங்கூசியின் நுனி பன்றிவால்போற் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியது. நேராகத் துண்டுபட்டிருந்தால் நூல் அறுந்தது. நோய் எதுவென்று தெரிந்தால் மருந்தும் தெரியும்.

மற்றொன்றையும் இளைஞர்க்கு வற்புறுத்திக் கூறுகின்றோம். முள் கல்லிற் சிக்கினால் பின்னல் நூலை வெறுங்கையிற் சுற்றி இழுத்தல் ஆகாது. அது கத்திபோல் விரலை அறுக்கும். ஒரு தடியிற் சுற்றி இழுப்பதே தக்கது.

ஒரு முடிச்சுத்தானே என்று இதனை எளிதாக எண்ணுதல் கூடாது. கூலிக்கு மாற்றாகக் கடலை நம்பும் ஒருவனுக்குக் கழன்ற முடிச்சு அன்றைய உலையரிசி. தப்பிய மீனுக்கோ, வாயில் முள்ளும் பின்னே ஒரு பாகம் நூலுமாக அலையும் வாழ்வு. அந்நூல் மக்காது, கடலாமையின் துடுப்பிலும் நாரையின் காலிலும் சிக்கிக் கிடக்கும். தங்கூசி வலையை எமது நாட்டுச் சட்டம் தடுத்திருக்கின்றது. தூண்டிலில் ஓடும் தங்கூசியைச் சட்டம் தடுக்கவில்லை. அதனைக் காக்கும் பொறுப்புக் கட்டுகின்றவன் கையிலேயே விடப்பட்டிருக்கின்றது. ஆதலின் நறுக்கிய துண்டுகளை நீரில் எறியாது சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வீடு திரும்புக. நன்றாகக் கட்டுவது எவ்வளவு கடமையோ, கட்டியபின் எஞ்சியதைக் கடலுக்கு விடாதிருப்பதும் அவ்வளவு கடமையாம்.