90210-க்கு ஒரு டைட்டில்... 622507-க்கு?

90210 என்பது ஒரு படத்தின் வசூல் அல்ல, லாட்டரி நம்பரும் அல்ல. வெறும் பின்கோடு. அமெரிக்காவில் பெவர்லி ஹில்ஸ் என்ற பணக்கார ஊரின் தபால் எண். அந்த எண்ணைப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு 1990-லிருந்து 2000 வரை பத்து வருடம் ஒரு டீன் ஏஜ் சீரியல் ஓடியது. கனடாவின் டொரண்டோ நகரத்தில் டிகிராஸி என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவின் பெயரில் 1979-ல் ஆரம்பித்து, அடுத்தடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு வரிசையாகப் பள்ளிக்கூடச் சீரியல்கள் வந்தன.

திருமயத்துக்கும் ஒரு பின்கோடு உண்டு. 622507. புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். ஒரு கோட்டை, பக்கத்துப் பக்கத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைக் கோயில்கள், ரயில்வே ஸ்டேஷன், கடைவீதி, பள்ளிக்கூடம், அதில் படிக்கிற பிள்ளைகள். எல்லாம் இருக்கிறது. டைட்டில் மட்டும்தான் கிடையாது.

"சீரியல் டைட்டில்தானே, இதற்கு ஏன் இத்தனை கோபம்?" என்று கேட்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் வரும் சீரியல். டைட்டில் ஒரு நிமிடம். வருடத்துக்கு 260 நிமிடம், அதாவது நாலு மணி நேரத்துக்கும் மேல்! கதையில் வருகிற எந்தக் காட்சியும் ஒரு தடவைதான் வரும். மிஞ்சிப் போனால் மறு ஒளிபரப்பில் இன்னொரு தடவை. டைட்டில் தினமும் வரும். சமையல்கட்டில் இருக்கும் அம்மா காதில் விழும், வீட்டுப்பாடம் எழுதும் தங்கச்சி கண்ணில் படும். ஆக, ஒரு சீரியலிலேயே அதிகம் பார்க்கப்படுகிற நிமிடம் அதுதான். அந்த நிமிடத்தில் யாருடைய முகம் வருகிறது, யாருடைய தெரு வருகிறது என்பது சின்ன விஷயமா?

2006-ல் விஜய் டிவியில் "கனா காணும் காலங்கள்" வந்தது. மாமியார் மருமகள் சண்டைக்கு நடுவே, ப்ளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளின் நட்பையும் பரீட்சை பயத்தையும் கதையாக்கலாம் என்று காட்டியது. அந்தப் பாராட்டு அதற்குச் சேர வேண்டியதுதான். பதினாறு வருடம் கழித்து, 2022-ல், அதே பெயரில் ஹாட்ஸ்டாரில் மறுபடி ஒரு தொடர் வந்ததென்றால் அந்தப் பெயருக்கு எவ்வளவு பாசம் மிச்சமிருக்கிறது என்று புரியும். ஆனால் அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். 2004-ல் வந்த "7ஜி ரெயின்போ காலனி" படப் பாட்டாக ஏற்கெனவே ஊருக்கே தெரிந்த பெயர் அது. காலத்தைச் சொல்கிறது. கனா எந்த ஊரில் காணப்படுகிறது என்று சொல்வதில்லை. அமெரிக்கக்காரன் பின்கோடு போடுகிறான், கனடாக்காரன் தெருப் பெயர் போடுகிறான். இங்கே கனவுக்கு முகவரியே கிடையாது.

முகவரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? எந்த ஊருக்கும் பொருந்துகிற காட்சிகள் வந்து உட்காரும். டீன் ஏஜ் கதை என்றாலே நாலு பேர் தோளில் கைபோட்டு ஸ்லோ மோஷனில் நடந்து வருவார்கள். ஒரு பெண் முடியைக் கோதிக்கொண்டு காமிராவைத் திரும்பிப் பார்ப்பாள். ஒருவன் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பான். கடைசியில் எல்லாரும் சேர்ந்து குதிப்பார்கள், அந்தரத்தில் படம் உறையும், சீரியல் பெயர் வந்து விழும். முடிந்தது! இந்தக் காட்சிகளைப் பிஸ்கட் விளம்பரத்துக்கும் போடலாம், செல்போன் விளம்பரத்துக்கும் போடலாம். எதற்கும் பொருந்துவது எதையும் சொல்வதில்லை.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1980களில் தூர்தர்ஷனில் வந்த "மால்குடி டேஸ்" டைட்டிலில் ஓடியவை ஆர்.கே.லட்சுமணின் கோட்டோவியங்கள். பின்னால் எல்.வைத்தியநாதனின் இசை. மால்குடி என்று ஒரு ஊர் பூமியில் எங்கும் இல்லை. ஆர்.கே.நாராயண் கற்பனை செய்தது, ஷங்கர் நாக் அதைக் கர்நாடகத்தின் ஆகும்பேயில் எடுத்தார். இல்லாத ஒரு ஊரை "இது இருக்கிறது" என்று நம்பவைத்ததில் அந்த டைட்டிலுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே கல்லும் மண்ணுமாக இருக்கிற ஊர்களை இல்லாததுபோல ஆக்குகிறார்கள். கொடுமை எது என்று சொல்லத் தேவையில்லை.

2002-ல் சன் டிவியில் தொடங்கிய "மெட்டி ஒலி"யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டைட்டில் பாட்டுக்கு ஆடிய நடன ஆசிரியர் சாந்தி இன்றுவரை "மெட்டி ஒலி சாந்தி"தான். டைட்டிலுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி?

பணம் இல்லை என்ற சாக்கும் செல்லாது. 1999-ல் அமெரிக்காவில் வந்த "ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்" சீரியலின் டைட்டிலில் பள்ளி ஆண்டுமலருக்குப் போட்டோ எடுக்கிறார்கள். அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளையாக வந்து காமிரா முன்னால் உட்காருகிறது. ஒன்று சிரிக்கிறது, ஒன்று முறைக்கிறது, ஒன்றுக்குச் சிரிக்கவே வரவில்லை. ஒரு முதல், ஒரு ஃப்ளாஷ். முதல் அத்தியாயம் பார்ப்பதற்குள்ளேயே யார் எப்படிப்பட்ட பிள்ளை என்று தெரிந்துவிடுகிறது. அதற்குச் செலவானது காசைவிட மூளைதான்.

சரி, திருமயத்துப் பிள்ளைகளை வைத்து ஒரு சீரியல், அதற்கு 45 வினாடியில் ஒரு டைட்டில் என்று வைத்துக்கொண்டால் அதைத் திட்டமிடுவது எப்படி?

முதலில் கணக்கு. நிமிடத்துக்கு 120 தட்டு விழுகிற பாட்டு என்றால் 45 வினாடிக்கு 90 தட்டு. நாலு தட்டுக்கு ஒரு காட்சி, அதாவது ஒரு காட்சிக்கு இரண்டு வினாடி. மொத்தம் 22 காட்சிகள்தான் கிடைக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர் வந்தாக வேண்டும். அந்தப் பெயரைப் படிக்க இரண்டு வினாடியாவது வேண்டும். எழுத்து எங்கே விழும் என்று முதலிலேயே முடிவு செய்து, படத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டு எடுக்க வேண்டும். எடுத்த பிறகு எழுத்தை நடிகர் நெற்றியில் ஒட்டுவது திட்டம் அல்ல.

அடுத்தது கோட்டை. திருமயம் என்றதும் எந்த டைரக்டருக்கும் முதலில் வருகிற ஆசை, ட்ரோனைப் பறக்கவிட்டுக் கோட்டையைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது. அதைத்தான் செய்யக்கூடாது. 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டையை மேலே இருந்து பார்ப்பது சுற்றுலாத்துறை விளம்பரம். உள்ளூர்ப் பிள்ளை கோட்டையை மேலே இருந்து பார்த்ததே இல்லை. பஸ் ஜன்னலில் பாதியாகப் பார்த்திருக்கிறது, தூரத்தில் பார்த்து "இறங்கணும், ஊர் வந்துருச்சு" என்று பையைத் தோளில் மாட்டியிருக்கிறது. கோட்டை அப்படித்தான் வர வேண்டும், ஓரத்தில், பாதியாக. வேண்டுமானால் அந்தக் கல்சுவரைப் பெயர்கள் விழும் இடமாக வைத்துக்கொள்ளலாம். எழுத்துக்கு அதைவிட நல்ல பலகை ஏது?

எழுத்து என்றதும் இன்னொன்று. ஃபிளக்ஸ் பேனர் வந்ததும் ஊர் ஊராகப் பிழைப்பு போனவர்கள் போர்டு எழுதும் ஓவியர்கள். பள்ளிச் சுவரில் திருக்குறள் எழுதியதும் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதியதும் அவர்கள் கைதான். அப்படி ஒருவரைக் கொண்டு சீரியல் பெயரை எழுத வைத்தால், கம்ப்யூட்டரில் இருக்கும் எந்த எழுத்துருவும் பக்கத்தில் நிற்க முடியாது.

மூன்றாவது சைக்கிள். டீன் ஏஜ் கதையில் பெண் சைக்கிளில் வருவது ஆயிரம் தடவை பார்த்த காட்சி என்று அலுத்துக்கொள்வார்கள். சென்னையில் எடுத்தால் அலுப்புதான். புதுக்கோட்டை மாவட்டத்தில் எடுத்தால் அது சரித்திரம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள், கேலி பேசிய ஆண்கள் முன்னாலேயே சைக்கிள் ஓட்டினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதை எழுதி உலகமே படித்தது. அன்று தட்டுத் தடுமாறி ஓட்டப் பழகியவர்களுக்கு இன்று பேத்தி இருப்பாள். அவள் ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். பாட்டி திண்ணையிலிருந்து பார்க்கிறாள். இரண்டு வினாடிக் காட்சி. வசனம் வேண்டாம். இதைச் சென்னையில் செட் போட்டு எடுக்க முடியுமா?

கேட்பவர்கள் கேட்பார்கள், "பிள்ளைகளுக்குக் கனவுதான் வேண்டும், தினமும் பார்க்கிற தெருவை டிவியிலும் எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று. 2009-ல் வந்த "பசங்க" படம் இதற்குப் பதில். அதை எடுத்த பாண்டிராஜ் திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விராச்சிலைக்காரர். சின்னப் பையன்களின் பள்ளிக்கூடச் சண்டைதான் கதை. ஜனங்களும் பார்த்தார்கள், சிறந்த தமிழ்ப் படம், சிறந்த வசனம், சிறந்த குழந்தை நட்சத்திரங்கள் என்று தேசிய விருதுகளும் வந்தன. சொந்தத் தெரு போரடிக்கும் என்றால் அந்தப் படம் ஓடியிருக்கக்கூடாது.

"அங்கெல்லாம் போய் எடுக்க வசதி இல்லை" என்பது இன்னொரு பதில். சிரிப்புதான் வருகிறது. ஏவி.எம்.மின் "நாம் இருவர்" 1947-ல் வந்தது. அதை எடுத்த ஸ்டுடியோ அப்போது சென்னையில் இல்லை, காரைக்குடியில் இருந்தது. இன்றைக்கும் ஜமீன் பங்களா வேண்டுமென்றால் யூனிட் வண்டிகள் செட்டிநாட்டுக்குத்தான் வருகின்றன. தூணையும் முற்றத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. வீட்டை எடுக்க வழி தெரிகிறது, அந்தச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளையை எடுக்க மட்டும் வழி தெரியவில்லை!

"இந்தக் காலத்தில் யார் டைட்டில் பார்க்கிறார்கள், தாண்டிப் போக பட்டன் இருக்கிறதே" என்று கடைசியாக ஒரு அஸ்திரம். உண்மைதான், 2017-ல் நெட்ஃப்ளிக்ஸ் அந்தப் பட்டனைக் கொண்டுவந்தது. ஆனால் பட்டனை அமுக்குகிறவன் எதைத் தாண்டுகிறான்? தனக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்கிறவர்களைத்தான் தாண்டுகிறான். தாண்டக்கூடிய ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் பட்டனைத் திட்டி என்ன பயன்?

உண்மையில் இழப்பு சேனலுக்கு இல்லை. திருமயத்தில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்குத்தான். டீன் ஏஜ் என்றால் இப்படி இருக்கும் என்று தினமும் ஒரு நிமிடம் அதற்குக் காட்டுகிறார்கள். அதில் அதனுடைய சீருடை இல்லை, பஸ் இல்லை, பேச்சு இல்லை. கதை என்பது வேறு ஊரில், வேறு பிள்ளைகளுக்கு நடப்பது என்று அது முடிவு செய்துகொள்கிறது. வருடத்துக்கு 260 தடவை சொல்லிக்கொடுத்தால் எந்தப் பாடமும் மனதில் தங்கிவிடும்.

தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்த ஊர் இது. நாடக நடிகர்களைக் கூத்தாடி என்று பெரிய மனிதர்கள் ஒதுக்கிய காலத்தில், அவர்களைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்தவர் அவர். ஜனங்கள் எதைப் பார்க்கிறார்களோ அதற்குத்தான் பலம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் ஊர்ப் பிள்ளைகள் இப்போது கேட்பது மேடைகூட இல்லை. 45 வினாடி, 22 காட்சி, ஒரு பின்கோடு. கொடுக்க முடியாத அளவுக்கு அது அவ்வளவு பெரிதா?